சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங்குக்கு, மோட்டரை ஏற்றிக்கொண்டு

முதல் நாள், சனி

வேன் இன்று காலை வாசலுக்கு வந்துவிட்டது. பழைய டொயோட்டா ஹையேஸ். 2.5 லிட்டர் டீசல், பின்பக்கம் ஜன்னல் இல்லாத சரக்கு வேன். ஈப்போவில் ஒரு ரொட்டிக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் இன்னும் ரொட்டி வாசனை வருகிறது. பெயர் மாற்றுவதற்கான பி5 பரிசோதனையைப் போன வாரமே முடித்துவிட்டேன்.

அப்பா சுற்றி வந்து பார்த்தார். டயரை உதைக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. நேராகக் கீழே குனிந்து சேசிஸைப் பார்த்தார். முப்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர். முதலில் கித்தா (ரப்பர்), பிறகு செம்பனைக் குலை. "மேல பளபளப்பு எதுக்கு, எலும்பு நல்லா இருக்கான்னு பாரு" என்றார். எலும்பு நன்றாகத்தான் இருந்தது.

இந்த வேன் எதற்கு என்பதை முதல் நாளே எழுதிவிடுகிறேன். என் அக்கா மகனுக்கு 23 வயது. யமஹா ஆர்25 மோட்டர்சைக்கிள் வைத்திருக்கிறான். போன வருஷம் சிப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே, அதாவது சொந்த மோட்டரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் என்று இங்கிருந்தே மோட்டரை ஓட்டிக்கொண்டு போனான். ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கே பகல் முழுக்க ஓட்டினான். மாலையில் அதே மோட்டரில் திரும்பினான். இரவு பதினொரு மணிக்கு, நெடுஞ்சாலையோரம் இளைப்பாறும் இடமான தாப்பா ஆர் அண்ட் ஆரிலிருந்து ஃபோன் வந்தது. "மாமா, கை நடுங்குது. கண்ணைத் தொறக்க முடியல." கூட்டாளியின் சின்ன லோரியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தான். நிறுத்தவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே, அதற்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றி செம்பனைக்கு நடுவே ஆளில்லாத நேர்ச்சாலைகள் நிறைய. ராத்திரியில் பிள்ளைகள் அங்கேதான் மோட்டரை முறுக்கிப் பார்க்கிறார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டும் இரண்டு பிள்ளைகளை அப்படி இழந்திருக்கிறோம். மலேசியாவில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டரில் போகிறவர்கள். ஓட்டாதே என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அது காதில் ஏறாது. தடத்தில் எதிரே லோரி வராது, மாடு குறுக்கே வராது, ஆம்புலன்ஸ் நின்றுகொண்டே இருக்கும். அங்கே கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

இரண்டாம் நாள், ஞாயிறு

இன்று அளவெடுப்பும் தரையும்.

ஆர்25 நீளம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உயரம் 1.14 மீட்டர். கண்ணாடியைக் கழற்றினால் அகலம் 72 சென்டிமீட்டர்தான். வேனின் சரக்கு அறை நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் 1.3 மீட்டர். பின்கதவின் வாய் இதைவிடக் கொஞ்சம் தாழ்வு என்பதால் அதைத் தனியாக அளந்தேன். வேன் வாங்குகிற யாரும் இதை மறக்கக் கூடாது. உள்ளே உயரம் இருந்தாலும் வாசல் குனிந்திருந்தால் காரியமில்லை.

தரைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். பழைய கம்பளத்தைத் தூக்கியபோது மூலையில் துருப் பொட்டுகள். தேய்த்து, துத்தநாகப் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் பலகையை வைத்தேன். இங்கே மாலை மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். பலகைக்கு அடியில் ஈரம் தங்கினால் இரண்டே வருஷத்தில் தகரத்தைத் தின்றுவிடும்.

மருமகன் பலகையை அறுத்தான். நான் சக்கர வளைவுக்கு அட்டையில் மாதிரி வெட்டிக் கொடுத்தேன். மேலே ரப்பர் விரிப்பு. மாலை ஆறு மணிக்கு முடிந்தது. இதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

நான்காம் நாள், செவ்வாய் இரவு

இன்றைய வேலையைக் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன். வேனில் மோட்டர் ஏற்றுவது என்றாலே எல்லாரும் ஏற்றுப்பலகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உயிர் இருப்பது மோட்டரைக் கட்டுகிற விதத்தில்.

கணக்கைப் பாருங்கள். பெட்ரோலோடு சேர்த்து இந்த மோட்டர் ஏறத்தாழ 170 கிலோ. வேன் நெடுஞ்சாலையில் போகும்போது முன்னால் ஒரு காடி திடீரென்று நின்றுவிட்டது, நான் பிரேக்கை முழுக்க மிதிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் மோட்டர் தன் எடையில் முக்கால் பங்குக்கு மேலான விசையோடு, அதாவது 130 கிலோவுக்கும் அதிகமாக, முன்னால் தள்ளும். அது பிரேக் மட்டும்தான். மோதிவிட்டால் இந்தக் கணக்கு பல மடங்கு ஏறும். ஹையேஸில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில். மோட்டருக்கும் என் முதுகுக்கும் நடுவே இருப்பது ஒரு இருக்கையின் சாய்மானம் மட்டும்.

அதனால் முதல் வேலையாக இருக்கைக்குப் பின்னால் இரும்புச் சதுரக் குழாயில் ஒரு தடுப்பு. நகரத்தில் எங்களுக்குத் தெரிந்த வெல்டிங் கடைத் தவுக்கே (முதலாளி) செய்து கொடுத்தார். மோட்டர் மட்டுமல்ல, கருவிப் பெட்டியும் அதன் பின்னால்தான் இருக்கும். பறந்து வரும் ஒரு ஸ்பானர் போதும்.

இரண்டாவது, சக்கரப் பிடி. முன்சக்கரம் நுழைந்து நிற்பதற்கு வி வடிவத்தில் வளைத்த குழாய், அடியில் தடித்த தகடு. முன்னால் தள்ளுகிற பெரிய விசையை இதுதான் வாங்கவேண்டும். கட்டும் வார்களின் வேலை மோட்டரைச் சாயாமல் நிமிர்த்திப் பிடிப்பதும், அந்தப் பிடிக்குள் அழுத்தி வைப்பதும்.

மூன்றாவதுதான் இன்று முழு மாலையையும் தின்றது. வாரை எதில் கட்டுவது? நான்கு வளையங்கள் வேண்டும். பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு வளையத்தை மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலகை ஸ்க்ரூவோடு பிய்த்துக்கொண்டு வரும். வேனின் தரைத் தகரமும் மெல்லியதுதான்; வெறும் வாஷர் போட்டு முடுக்கினால் கிழிந்து வந்துவிடும். அப்பா அதைத்தான் சொன்னார்: "தோலுல கட்டாதே. எலும்புல கட்டு." தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்களை ஒட்டி இடம் பார்த்தோம். பலகை, தகரம் இரண்டையும் துளைத்து எம்10 போல்ட் இறக்கி, அடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு கொடுத்து முடுக்கினோம். இழுக்கும் விசை அந்தத் தகடு முழுக்கப் பரவிவிடும்.

துளைப்பதற்கு முன் அப்பா என்னைக் கீழே படுத்துப் பார்க்கச் சொன்னார். மேலே மருமகன் ஆணியால் தட்ட, கீழே நான் சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டேன். இடது பின் வளையத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்கு நேர் கீழே பிரேக் எண்ணெய்க் குழாய் ஓடியது. இரண்டு விரல் தள்ளியிருந்தால்கூட எனக்குப் பதறியிருக்காது, நேர் கீழே. பத்து சென்டிமீட்டர் நகர்த்தினோம். வேனைத் துளைக்கப்போகிற எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், முதலில் கீழே படுத்துப் பாருங்கள். எரிபொருள் டாங்க், பிரேக் குழாய், வயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன.

துளையின் ஓரங்களுக்கெல்லாம் பெயிண்ட், சிலிக்கான். கை கழுவும்போது மணி பதினொன்று.

ஆறாம் நாள், வியாழன்

ஏற்றிப் பார்த்தோம். முதல் தடவை தவறியது.

வேனின் தரை நிலத்திலிருந்து 63 சென்டிமீட்டர் உயரம். கூட்டாளி ஆறடி ஏற்றுப்பலகை ஒன்று தருகிறேன் என்றான். அது 20 பாகைக்கு மேல் சரிவு. மேல் விளிம்பைத் தாண்டும்போது மோட்டரின் அடிக்கவர் உரசும். எட்டடி அலுமினியம் மடக்குப்பலகை வாங்கினேன். சரிவு 15 பாகைக்கு இறங்கிவிட்டது. 450 வெள்ளி (ரிங்கிட்). இந்த வேலையில் மனம் கொஞ்சமும் உறுத்தாத செலவு இதுதான்.

ஆனால் பலகையை வேனோடு கட்டவில்லை. உதட்டை விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளினோம். பின்சக்கரம் பலகையில் ஏறிய நேரத்தில் பலகை பின்னால் உதைத்துக்கொண்டு நழுவியது. மருமகன் ஒரு பக்கம், நான் மறுபக்கம், இருவரும் மோட்டரை இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றோம். அப்பா ஓடிவந்து பின்னால் பிடித்தார். 71 வயது. அந்த ஒரு நொடி எனக்கு உயிரே போய்விட்டது.

இப்போது பலகையின் மேல் முனையிலிருந்து இரண்டு வார்கள், வேனுக்கு உள்ளே இருக்கும் பின் வளையங்களுக்கு. முடுக்கிய பிறகு பலகையின் மேல் நின்று குதித்துப் பார்ப்போம். அதற்கப்புறம்தான் மோட்டர்.

இன்னொன்றும் கற்றோம். மோட்டர் மட்டும் மேலே ஏறினால் போதாது, தள்ளுகிறவனும் ஏறவேண்டும். 63 சென்டிமீட்டரை ஒரே எட்டில் ஏறும்போதுதான் சமநிலை போகிறது. பக்கத்தில் மரப்பெட்டி ஒன்றைப் படியாகப் போட்டோம். எஞ்சினை ஓடவிட்டு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அனுமதிக்கவில்லை. இரண்டு பேர் தள்ளினால் போகிற எடைதான்.

இறக்குவதுதான் ஏற்றுவதைவிடக் கடினம். பின்னோக்கி இறங்கும்போது எடை முழுவதும் பின்சக்கரத்தில் விழுகிறது. மேலே இருக்கும் முன்சக்கரம் லேசாகிவிடும். முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நின்றபடியே பலகையில் சறுக்கும். அதனால் முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இறக்கவேண்டும். கிளட்ச்சை விட்டதும் எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மருமகன் நான்கு தடவை ஏற்றி இறக்கிப் பழகினான்.

கட்டுகிற முறை இதுதான். முன்னால் இரண்டு வார்கள். ஹேண்டில் கைப்பிடியில் அல்ல. ஃபோர்க் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்ப் பிடியில் மெத்தென்ற துணி வளையம் போட்டு, அதில் கொக்கி. அங்கிருந்து முன்னாலும் பக்கவாட்டிலுமாக ஏறத்தாழ 45 பாகையில் இறங்கி வளையத்துக்கு. இரண்டு பக்கமும் மாறி மாறி முடுக்கவேண்டும். ஃபோர்க் தன் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் போதும். அடிவரை இறக்கிக் கட்டினால் சீல் கெடும், குழியில் வேன் குதிக்கும்போது ஃபோர்க்குக்கு இடமே இருக்காது. பின்னால் இரண்டு வார்கள், ஓட்டுபவரின் கால்மிதியைத் தாங்கும் பிராக்கெட்டிலிருந்து கொஞ்சம் பின்னோக்கி. பக்க ஸ்டாண்டு மடக்கியே இருக்கவேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால் குழிக்குக் குழி அது வளையும்.

வார் வாங்கும்போது அதில் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது அறுந்துபோகும் எடை. நமக்கு வேண்டியது வேலை எடை. நான் வாங்கியதில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

எல்லாம் முடிந்ததும் அப்பா முன்பக்க வாரை விரலால் சுண்டினார். தோட்டத்தில் குலை ஏற்றிய லோரிக் கயிற்றையும் இப்படித்தான் சுண்டிப் பார்ப்பார் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரவேண்டும். வந்தது.

ஏழாம் நாள், வெள்ளி. டிங்கிலிலிருந்து

மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். முன் இருக்கையில் மூவர்: நான், நடுவில் மருமகன், ஜன்னலோரம் அப்பா. அவர் வருவதாக முதலில் பேச்சில்லை. காலையில் பார்த்தால் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு பையோடு வாசலில் நின்றார்.

மகாத்மா காந்தி கலாசாலை விட்டிருந்த நேரம். பிள்ளைகள் கூட்டம் கலைகிறவரை காத்திருந்து, பழைய சாலையில் செம்மோர் வழியாகப் போனோம். கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறினால் மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டிய நீண்ட இறக்கம் வரும். புதிதாகக் கட்டிய பாரத்தோடு முதல் பயணத்திலேயே அந்த இறக்கம் வேண்டாம் என்று பட்டது. செம்மோருக்கு முன் ஓரமாக நிறுத்தி வார்களைப் பார்த்தேன். முன் இடது வார் அரை விரல் தளர்ந்திருந்தது. இது வாடிக்கைதான், துணி வளையம் இறுகி அமர முதல் பத்து இருபது கிலோமீட்டர் ஆகும். அந்தத் தூரத்தில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தே ஆகவேண்டும்.

ஜெலாப்பாங்கில் நெடுஞ்சாலை. அப்பா டோல் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார், "மோட்டர் அதுவா போனா டோல் இல்ல. உள்ள உக்காந்து போனா காசு." "அந்தக் காசுக்குத்தான் தாத்தா தூக்கம் வருது" என்றான் மருமகன். சொன்னதுபோலவே சிம்பாங் பூலாய் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான்.

90க்கு மேல் நான் போகவில்லை. சுண்ணாம்பு மலைகள் வலமும் இடமும் மாறி மாறி வந்தன. ஜன்னல்கள் இரண்டையும் இரண்டு அங்குலம் இறக்கியே வைத்திருந்தோம். மோட்டரின் டாங்கில் பாதி பெட்ரோல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும். மூடிய வேனுக்குள் அது சேரவே கூடாது. தனிக் கேனில் பெட்ரோல் எடுத்துப்போகவும் இல்லை. தடத்துக்குப் பக்கத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

தாப்பா ஆர் அண்ட் ஆர். போன வருஷம் அவன் தூங்கிய பெஞ்சு வடக்கே போகும் பக்கத்தில். தெற்கே போகும்போது நிற்கிற இடம் அது அல்ல, எதிர்ப்பக்கம். ஆனாலும் சாலையைத் தாண்டி அதே கூரைகள் தெரிந்தன. மருமகன் தே தாரேக் கிளாஸைப் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் எதுவும் பேசவில்லை.

சுங்கை பூலோவைத் தாண்டி, எலைட் நெடுஞ்சாலையில் புத்ராஜெயா அறிவிப்புப் பலகைகள் வந்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் பிராங் பெசார் தோட்டம்" என்றார். எங்கள் அத்தையை அங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள். 1990களில் புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்காக பிராங் பெசாரோடு இன்னும் சில தோட்டங்களும் போயின. பிராங் பெசார், முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய தோட்டம். அங்கே இருந்தவர்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள். அத்தையும் அப்படித்தான் டிங்கிலுக்கு வந்தார். சிப்பாங் தடத்தைச் சுற்றியும் இப்போதும் செம்பனைதான். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்தப் பக்கத்தில் எங்கே போனாலும் மண்ணுக்கடியில் ஏதோ ஒரு தோட்டம் இருக்கிறது.

இன்றிரவு அத்தை வீட்டில். வந்ததுமே முன் வார்களைத் தளர்த்திவிட்டேன், ஃபோர்க் ராத்திரி முழுக்க அமுங்கிக் கிடக்க வேண்டாம். சோறும் கருவாட்டுக் குழம்பும். நாளை ஐந்தரைக்கு எழவேண்டும்.

எட்டாம் நாள், சனி. சிப்பாங்

ஏழு மணிக்குள் பேடாக்கில், அதாவது தடத்தோரம் மோட்டர்களைத் தயார்செய்யும் இடத்தில், நின்றோம். பதினைந்து நிமிடத்தில் மோட்டர் தரையில். பக்கத்தில் ஒரு பையன் தன் மோட்டரிலேயே ஜொகூரிலிருந்து இரவோடு இரவாக வந்திருந்தான். அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்குத் தாப்பா பெஞ்சு ஞாபகம் வந்தது. அப்பா வேனிலிருந்து நாசி லெமாக் பொட்டலம் ஒன்றையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சோதனை ஒழுங்காக நடந்தது. விளக்குகளுக்கு டேப், கண்ணாடிகள் கழற்றியாயிற்று. ரேடியேட்டரில் பச்சை கூலண்டு கிடையாது, வெறும் தண்ணீர். தடத்தில் சிந்தினால் கூலண்டு எண்ணெய் போல வழுக்கும். தோல் சூட், முதுகுக் காப்பு, கையுறை, பூட்ஸ். பிறகு கொடிகளைப் பற்றி விளக்கினார்கள்.

சிப்பாங்கைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அதன் அகலம் தெரியாது. 1999இல் திறந்த தடம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், நடுவில் பார்வையாளர் மேடை. ஒரு பக்கம் போன மோட்டர் கடைசி வளைவைச் சுற்றி மறுபக்கம் வரும் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். மருமகன் முதல் சுற்றை மெதுவாக ஓட்டினான். பதினொன்றாம் வளைவில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தியதாகப் பிறகு சொன்னான். 2011 அக்டோபரில் இத்தாலிய மோட்டோஜிபி பந்தய வீரர் மார்கோ சிமொன்செல்லி உயிரிழந்த இடம். மருமகன் ஹெல்மெட்டுக்குப் பின்னால் சிமொன்செல்லியின் பந்தய எண்ணான 58 என்ற சின்ன ஸ்டிக்கர் எப்போதும் இருக்கும்.

இரண்டாவது ஓட்டம் முடிந்து வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. "மாமா, ரோட்டுல நான் ஓட்டினதெல்லாம் ஓட்டமே இல்ல" என்றான். வருஷக்கணக்காக நான் சொல்லிப் பார்த்த எதைவிடவும் இந்த ஒரு வார்த்தை அவனுக்குள் இறங்கும் என்று எனக்குப் பட்டது. 2016இல் மோட்டோ3 பந்தயத்தில் அர்ஜென்டினாவில் ஜெயித்த கைருல் இடாம் பாவி நம் பேராக் பையன். கிராண்ட் பிரீ ஜெயித்த முதல் மலேசியர். அவரைப் பற்றி அப்பாவிடம் கதை கதையாகச் சொன்னான்.

மூன்றாவது ஓட்டத்தில் விழுந்தான்.

ஒன்பதாம் வளைவு, இடப்பக்கம் திரும்பும் குறுகலான வளைவு. சிப்பாங்கில் 10 வலது, 5 இடது. டயரின் இடப்பக்கத்துக்கு வேலை குறைவு. ஓட்டம் தொடங்கிய இரண்டாம் சுற்றிலேயே அங்கே நன்றாகச் சாய்த்துவிட்டான். டயரின் அந்தப் பக்கம் போதுமான அளவு சூடேறியிருக்காது என்று நினைக்கிறேன். முன்சக்கரம் நழுவி, மோட்டரும் அவனும் சரளைக்குப் போனார்கள். செய்தி வந்த நேரத்திலிருந்து அவனை நேரில் பார்க்கும்வரை நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. நடந்துதான் வந்தான். தோல் சூட்டில் தோளும் முழங்கையும் வெள்ளையாகத் தேய்ந்திருந்தன. மருத்துவ அறையில் பார்த்தார்கள், எலும்பு எதுவும் முறியவில்லை. அதே விழுகை எங்கள் ஊர்ச் சாலையில் என்றால் ஓரத்தில் சரளைக் கல் கிடையாது. வாய்க்கால், மரம், கம்பம்.

மோட்டர் பிக்கப்பில் வந்தது. கியர் மிதி ஒடிந்துவிட்டது, கிளட்ச் பிடி வளைந்துவிட்டது, இடது கால்மிதி பிராக்கெட்டில் விரிசல். இதில் வீட்டுக்கு ஓட்டிப்போக முடியாது. வேன் இல்லையென்றால் இந்நேரம் இழுவை லோரிக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருப்போம்.

வானம் மதியத்துக்கு மேல் கறுத்தது. சிப்பாங் மழை லேசுப்பட்டதல்ல. 2009இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தையே பாதியில் நிறுத்தி, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். அது வருவதற்குள் ஏற்றிவிடவேண்டும்.

விழுந்த மோட்டரை உடனே வேனுக்குள் தள்ளிவிடக் கூடாது. முதலில் எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் எங்காவது ஒழுகுகிறதா என்று அட்டையை அடியில் விரித்துப் பத்து நிமிடம் பார்த்தோம். சரளையைத் தட்டி எடுத்தோம். ஒழுகல் இல்லை. பலகையைக் கட்டி, குதித்துப் பார்த்து, ஏற்றினோம். கியர் மிதி இல்லாததால் முதல் கியரில் போட முடியவில்லை, நியூட்ரலில்தான் நின்றது. இனி இதற்காகவே ஒரு சின்ன கட்டையைப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க வேனில் வைத்திருப்பேன்.

அடுத்த சிக்கல் கட்டும்போது வந்தது. பின் இடது வார் மாட்டும் இடம்தான் அந்த விரிசல் விட்ட பிராக்கெட். வியாழக்கிழமை அவ்வளவு யோசித்தும், விழுந்து திரும்பும் மோட்டரை எங்கே கட்டுவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணி வளையத்தைப் பின்சக்கர விளிம்பைச் சுற்றிப் போட்டு, இடதும் வலதுமாக இரண்டு வாரையும் சக்கரத்திலிருந்து தரை வளையத்துக்கு இறக்கினார். பின்சக்கரம் பக்கவாட்டில் நகராது. மோட்டரை நிமிர்த்துவது முன்னிரண்டு வார்களின் வேலை, அந்தக் கீழ்ப் பிடி முழுசாக இருந்தது. விரலால் சுண்டினார். "போலாம்" என்றார்.

கதவைச் சாத்தும்போது முதல் துளி விழுந்தது.

ஒன்பதாம் நாள், ஞாயிறு. வீட்டிலிருந்து

இரவே கிளம்பவில்லை. அத்தை வீட்டில் தங்கி, காலையில் பசியாறிவிட்டு நிதானமாக வந்தோம். ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர். இந்த முறை வடக்கே போகும் தாப்பா ஆர் அண்ட் ஆர். வார்களைப் பார்த்தேன், ஒரு விரல்கூடத் தளரவில்லை. மருமகன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே அந்த சிமெண்டு பெஞ்சில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று தே தாரேக்.

மதியம் இரண்டு மணிக்கு வீடு. அக்கா அவனுடைய கையைத் தூக்கிப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினொன்றாம் நாள், செவ்வாய்

பிராக்கெட், கியர் மிதி, கிளட்ச் பிடி மூன்றும் ஈப்போவில் கிடைத்தன. மோட்டரை இந்த வாரக் கடைசியில் கோத்துவிடலாம்.

மாலையில் பக்கத்து வரிசைப் பையன் வந்தான். 19 வயது, ராத்திரியில் லிந்தாங் சாலைப் பக்கம் போகிறவர்களில் ஒருவன். வெகு நேரம் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுல ரெண்டு மோட்டர் நிக்குமா?" என்று கேட்டான்.

அளவுநாடாவை எடுத்தேன். ஹேண்டில் அகலம் 72, அவனுடைய மோட்டர் இன்னும் குறுகல். ஒன்றை முன்னால் தள்ளி, மற்றொன்றை இரண்டடி பின்வாங்கி நிறுத்தினால் ஹேண்டில்கள் முட்டாது. மருமகன் நாடாவின் மறுமுனையைப் பிடித்தான். அப்பா சாக்பீஸோடு ஏற்கெனவே வேனுக்கு அடியில் படுத்துவிட்டார். "தட்டுடா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பையன் ஆணியை எடுத்துத் தட்டினான்.